3A

ஐந்தடிப் பாதைக்குக் கூரை உண்டு.
ஆகவே கொம்தார் பதினெட்டாம் மாடியிலிருந்து பார்த்தால்
ஜோர்ஜ்டவுனில் யாரும் வெளியே தூங்குவதில்லை.
என் மேசை சன்னலோரம். பதினோரு வருடமாக
மேலிருந்துதான் இந்த ஊரை வரைகிறேன்.

மார்ச் மாதம் ஒரு கோப்பு வந்தது:
சுங்கை பினாங்கு ஓரம், பழைய லாரிக் கொட்டகை நிலம்,
வீடற்ற குடும்பங்களுக்கு இடைக்காலச் சிறுவீடுகள்,
பன்னிரண்டு. தங்கும் காலம் ஆறு மாதம்.
ஒன்றுக்கு இருநூறு அளவில்
என் கட்டைவிரல் ஒரு வீட்டை முழுதாய் மூடியது.

விதிமுறை வீட்டுக்கொரு கார் நிறுத்துமிடம் கேட்டது.
கேட்டுப் பார்த்தேன். விதி விதிதான் என்றார் மேலதிகாரி ரோஸ்லான்,
அவருக்கும் சிரிப்பு வந்தது.
இல்லாத பன்னிரண்டு கார்களை முதலில் படுக்கவைத்தேன்.
மிச்சத்தில்
ஒன்பது குடும்பங்கள்.
(பிறகு மூன்று கார்களை அழித்தேன். குடும்பங்கள் கூடவில்லை,
அங்கே தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டுமாம்.)

ஆட்சேபக் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்தது.
"நாங்க எதிர்க்கல" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள்.
அடுக்குமாடிச் சங்கத்து மிஸ்டர் கூய் வீட்டு விலையைச் சொன்னார்.
பெரியநாயகி அம்மாள் எட்டடிச் சுவர் கேட்டார்,
மேலே கண்ணாடிச் சில் பதித்தால் நல்லது என்றும்.
இலவசமாய்க் கொடுத்த கறிபாப் தீர்ந்துபோயிற்று.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். செங்கமலம்.
நாசி கண்டார் கடையில் தட்டு கழுவுகிறாள்,
விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.
"வீட்டுக்கு நம்பர் போடுவீங்களா?"

தற்காலிகக் கட்டடத்துக்கு எண் கிடையாது என்றோம்.
"மூத்தவ பள்ளிக்கூடப் பாரத்துல
அலாமாட்னு இருக்கிற எடத்துல
கடைப் பேர எழுதிட்டு வந்திருக்கா.
டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாங்களாம்,
உங்க அப்பா முதலாளியான்னு."

வெளியே வந்து, எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன்.
தொழில் புத்தி.
"அகலம் என்னங்க அகலம்.
தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கணும்."

ஒன்றுக்கு இருநூறில் தாழ்ப்பாள் வராது.
கதவே ஒரு கால்வட்டக் கோடு.
அன்றிரவு எண்களை எழுதினேன்:
1, 2, 3, 3A, 5...
ஹொக்கியன் காதுக்கு நான்கில் சாவு கேட்கும்,
இல்லாத வீட்டுக்கும் அந்தப் பயத்தை மதித்தேன்.
எண்களுக்கென்று ஓர் அடுக்கு திறந்தால் ரோஸ்லான் கேட்பார்.
மரங்களின் அடுக்கில் வைத்தேன்.
ஒவ்வோர் அங்சானா நிழலுக்கடியிலும்
ஒரு சின்ன எண்.

முகப்பில் வரைபடத்தைப் பார்வைக்கு வைத்த வாரம்
செங்கமலம் மூன்று பிள்ளைகளோடும் வந்தாள்.
மூத்தவள் தர்ஷாயினி கண்ணாடியில் மூக்கு அழுந்தக் குனிந்தாள்.
மரத்தடியைப் படித்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை.
கோப்பு நிதிப் பிரிவுக்குப் போனது,
வடிகால் பிரிவுக்குப் போனது,
திரும்பி நிதிக்கு.
கொட்டகைத் தகரத்தை யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள்.

நேற்று தபால் பிரிவிலிருந்து ஓர் உறை என் மேசைக்கு வந்தது.
பள்ளிக்கூடத்து உறை.
தபால்காரர் இரண்டு தடவை போய்ப் பார்த்தாராம்:
லாலாங் புல், ஒரு நாய், மன்றத்தின் அறிவிப்புப் பலகை.
பலகையில் எங்கள் பெயர் இருந்ததால் இங்கே அனுப்பிவிட்டார்.
அப்படி ஒரு முகவரி இல்லை என்று சிவப்பு முத்திரை.
அதற்கடியில், தட்டச்சில், பிழையில்லாமல்,
மாணவி தர்ஷாயினியின் பெற்றோருக்கு,
எண் 3A.

பிரிக்கவில்லை. அது எனக்கு வந்ததல்ல.

கடைகள் ஏழரைக்குத் திறக்கும்,
அதற்குள் அட்டைகளை மடித்துவிடுவார்கள்.
இப்போது மணி ஆறே முக்கால்.
உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
லிப்டுக்கு நிற்கிறேன்.
கீழே போகும் பொத்தான்
இரண்டாவது அழுத்தலில்தான் எரிகிறது.